குறிஞ்சாக்கேணியிற் காளான் தேடலாமா?

அற்பத்துக்கு உவமை தேடும் நம்மவர்க்கு முதலில் அகப்படுவது காளான். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான் என்று புதியவனை இகழ்கிறோம். நாய்க்குடை என்று அதன் உருவத்தையும் பழிக்கிறோம். காளான் ஓர் இரவில் முளைப்பது உண்மையே. ஆயின், மழை பெய்த அன்று அது பிறக்கவில்லை. மண்ணுக்கடியிலும் உக்கிய மரத்துக்குள்ளும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகளாய் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வேலை செய்துகொண்டிருந்த ஓர் உயிர், ஈரம் கிடைத்தவுடன் தன் வித்திகளைப் பரப்புவதற்கு மேலே அனுப்பும் உறுப்பே நாம் காணும் குடை. மேலே தெரிவதைக் கண்டு, கீழே நடந்த நெடுநாள் உழைப்பைக் காணாது விடுவது நமது சமுதாயத்தின் பழைய நோய். அந்நோய் காளானோடு நின்றுவிடுவதில்லை.

மாரிமழை ஓய்ந்த ஒரு காலையில், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு குறிஞ்சாக்கேணியிலிருந்து களப்போரமாய் நடந்து, கிண்ணியாக் கடற்கரை வரை சென்றேன். பாடநூல் பங்கசு என்று சொல்லும் உயிரினத்தைப் பிள்ளைகள் பரீட்சைக்காக மனனஞ் செய்திருந்தார்கள். அதனைத் தேடி ஒருநாளும் நடந்ததில்லை. முதல் அரைமணி நேரம் ஒன்றும் தென்படவில்லை. பிறகு கண்கள் பழகின. அலை ஒதுக்கிய மரத்துண்டு ஒன்றில் குங்குமச் சிவப்பான தட்டைக் காளான் வரிசையாய் இருந்தது. பட்டுப்போன மாமரக் கிளையில், அடிப்புறம் விசிறி மடிப்பாய்ப் பிளவுபட்ட சின்னஞ்சிறு காளான்கள் அப்பியிருந்தன. சவுக்கு மரத்தடியில், தோல் நட்சத்திரம்போல் விரிந்து நடுவிலே ஒரு பையைத் தாங்கிய காளானை ஒரு மாணவி கண்டெடுத்தாள். வெறும் மணலில் நீண்ட காம்பின்மேல் மூடிய குடைபோல் நின்ற இன்னொன்றைப் பார்த்து, ஒரு பையன் கேட்டான்: "சேர், இது அரிய காளானா?"

அவனுக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்குச் சொல்ல வேண்டிய விடைதான். ஆயினும் அதற்கு முன்னர் வேறொருவருக்கு விடை சொல்லியாக வேண்டும்.

அவர் என் நண்பர். என்னைப் போலவே ஆசிரியர். தொழிற்சங்கக் கூட்டங்களில் என் பக்கத்திலே அமர்பவர். நாங்கள் காளான் தேடிய செய்தியைக் கேட்டதும் அவர் முகம் இறுகிற்று. "எந்த ஊரிலே நின்று என்ன தேடினீர் ஐசே? புதிய பாலம் வந்து சேருமுன்னே பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கொடுத்த ஊர் அது. அங்கே காளான் பார்ப்பதற்கு மனம் எப்படி வந்தது? இயற்கை இரசனை, அரிய பொருள் சேகரிப்பு எல்லாம் வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு. நமது பிள்ளைகளை அதிலே இழுத்துவிடாதீர்" என்றார்.

இக்கேள்வியை நகைத்துத் தள்ள முடியாது. 2021 நவம்பர் 23ஆம் நாட் காலையில், குறிஞ்சாக்கேணியில் மக்களை ஏற்றிச் சென்ற படகுப் பாதை கவிழ்ந்தது. பாலவேலை நடந்துகொண்டிருந்த காலம். கரையைக் கடக்க மக்களுக்கு அந்தப் பாதையே துணையாயிருந்தது. பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைகளும் இறந்தவர்களுள் அடங்குவர். அந்த நீரின் ஓரமாய் நடந்த எவரும் அதனை மறந்துவிட்டு நடக்க முடியாது. நாங்களும் மறந்து நடக்கவில்லை.

ஆயினும் நண்பரின் முடிவை நான் மறுக்கிறேன். அந்தப் பிள்ளைகள் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள்? பள்ளிக்கூடத்துக்கு. அறிவைத் தேடி உயிரைப் பணயம் வைத்துத் தண்ணீரைக் கடக்கும் பிள்ளைகளுக்கு, "உனக்குப் பாலம் போதும், உன் காலடி மண்ணைப் பற்றிய அறிவு உனக்கு வேண்டாம், அது பணக்காரன் வீட்டுப் பண்டம்" என்று சொல்ல நாம் யார்? முதலிற் சோறு, பிறகு பாலம், அதற்குப் பிறகு என்றோ ஒருநாள் அறிவு என்று வரிசை வகுத்து வைத்தவர்கள் ஆளும் கூட்டத்தார். அவ்வரிசையை உழைக்கும் மக்களின் நண்பர்களாகிய நாமும் ஒப்பிக்கத் தொடங்கிவிட்டால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அறிவின் முறை ஒருநாளும் வராது.

காளானைப் பற்றிய அறிவு பொழுதுபோக்கு என்பதும் பொய். அதனை ஏகாதிபத்தியம் ஒருபோதும் பொழுதுபோக்காகக் கருதியதில்லை. இந்தத் தீவின் சரித்திரமே அதற்குச் சாட்சி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்தவர் துவைற்சு. அவர் இலங்கைக் காளான்களை உலர்த்தி, பூங்காவின் ஓவியர்களைக் கொண்டு வரைவித்து, இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்லி என்ற பாதிரியாரும் புறூம் என்ற அவர் நண்பரும் அவற்றை ஆராய்ந்து, 1871 முதலான ஆண்டுகளில் இலண்டன் லின்னேயக் கழகத்தின் ஏட்டில் "இலங்கையின் பங்கசுகள்" என்ற தலைப்பில் வெளியிட்டனர். இலங்கை மண்ணைப் பார்க்லி மிதித்ததே இல்லை. நூற்றுக்கணக்கான நம் காளான்களுக்குப் பெயர் அங்கே இருந்தபடி சூட்டப்பட்டது.

அதே பார்க்லிதான் 1846இல், அயர்லாந்தின் உருளைக்கிழங்கு அழிவுக்குக் காரணம் பூசணம் போன்ற ஒரு நுண்ணுயிரே என்று வாதிட்டவர். அந்த உயிரை இன்றைய வகைப்பாடு பங்கசு இராச்சியத்துக்குப் புறம்பாக வைக்கிறது. எனினும் அவர் வாதத்தின் சாரம் மெய்யானது. கிழங்கை அழித்தது நுண்ணுயிர். கிழங்கைத் தவிர வேறு உணவுக்கு வழியில்லாத நிலையில் குடியானவனை வைத்திருந்தது நிலவுடைமை. பஞ்ச காலத்திலும் அந்நாட்டிலிருந்து தானியம் கப்பலேறியது. பத்து இலட்சம் அளவில் மக்கள் மாண்டார்கள். நுண்ணுயிரையும் அறிந்து, நிலவுடைமையையும் அறிந்தவனுக்கே அந்தப் பஞ்சம் முழுதாக விளங்கும். ஒன்றை மட்டும் அறிந்தவனுக்கு அரைப்பஞ்சமே விளங்கும்.

நமது நாட்டிலும் இதே கதை நிகழ்ந்தது. 1869இல் மலைநாட்டுக் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் தோன்றியது. துவைற்சு மாதிரிகளை அனுப்பினார்; பார்க்லியும் புறூமும் அதே ஆண்டில் அந்தப் பங்கசுக்குப் பெயர் வைத்தனர். எமிலியா வசுத்தாத்திரிக்சு என்ற அப்பெயரின் பிற்பகுதிக்குப் பாழாக்குவது என்று பொருள். அப்போது தோட்டத்துரைமார் அதனைப் பொருட்படுத்தவில்லை. காடுகளை அழித்துக் கோப்பியை மேன்மேலும் பரப்பினர். 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் ஒரே பயிர் நின்றது. 1880இல் மார்சல் வாட் என்ற இளம் ஆராய்ச்சியாளர் வரவழைக்கப்பட்டார். காற்றிலே பரவும் வித்திகளே நோயைக் கொண்டு செல்கின்றன என்பதை அவர் நிறுவினார். தடையின்றி மலைக்கு மலை ஒரே பயிர் நின்றால் நோய்க்கு அது விருந்து என்பதும் அவர் ஆராய்ச்சியிலிருந்து தெளிவாயிற்று. அறிவு வந்தது, காலம் கடந்து வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கோப்பிப் பேரரசு சரிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

அதனாற் பாதிக்கப்பட்டவர் யாவர்? துரைமார் சிலர் நொடித்தனர். வேறு சிலர் தேயிலையில் மீண்டும் எழுந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளியின் கதை வேறு. கோப்பி பருவத்துக்கு வேலை தந்த பயிர். கொய்து முடிந்தால் ஊர் திரும்ப வாய்ப்பு இருந்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் கைகள் கேட்டது. குடும்பங் குடும்பமாய் அவர்கள் லயங்களில் நிலைகொண்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. ஓர் இலைப்பங்கசின் கதை இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளரின் குடியுரிமைக் கதையாய் முடிந்தது. காளானுக்கும் மக்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நண்பர் ஒருமுறை ஏதேனும் ஒரு லயத்துக்குச் சென்று வரட்டும்.

அந்த அழிவுக்குப் பின்னரே இலங்கையிற் பங்கசு ஆராய்ச்சிக்கு நிலையான பதவி கிடைத்தது. 1905இல் பேராதனைக்கு வந்த தொம் பெச்சு, கறையான் புற்றுக் காளான் முதல் தேயிலை, இறப்பர் நோய்கள் வரை எழுதிக் குவித்தார். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளரானார். அவரும் பிசுபி என்பவரும் சேர்ந்து தொகுத்த "இலங்கையின் பங்கசுகள்" என்ற பெருநூல், அவர் மறைவுக்குப் பின் 1950இல் வெளிவந்தது. பெச்சின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லேன். ஆனால் அந்தப் பழைய பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் இடப்பெயர்களைப் பாருங்கள். பேராதனை, அக்கலை, மலைநாட்டுத் தோட்டங்கள். பணப்பயிர் எங்கே நின்றதோ அங்கே நுணுக்குக்காட்டியும் நின்றது. மீன்பிடித்தும் வயலுழுதும் உயிர் வாழ்ந்த கிழக்குக் கரையில் பங்கசு தேடினால் எந்தக் கம்பனிக்கு இலாபம்? அறிவின் தேசப்படம் இலாபத்தின் தேசப்படத்தைப் பார்த்து வரையப்பட்டது.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். மணலில் நின்ற அவனது காளான் பொடாக்சிசு என்னும் இனத்தைச் சேர்ந்தது. வறண்ட மணற்பாங்கிலும் கறையான் புற்றருகிலும் வளர்வது. 1771இல் லின்னேயசு, இந்தியாவிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டே அதற்குப் பெயர் வைத்தார். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நமது அயல் மண்ணிலிருந்து ஐரோப்பா சென்று பதிவேறிய ஒன்றை, இன்று நமது மாணவன் முதன்முதலாகக் கண்டு அரியதா என்று கேட்கிறான். அரிது என்ற சொல்லில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. பலமுறை தேடி, சிலமுறையே கண்டவன் சொல்ல வேண்டிய சொல் அது. தேடாதவன் வாயில் அது வெறும் வியப்பொலி.

இங்கே நான் வாதிட வேண்டிய இரண்டாவது ஆள் வருகிறார். அவர் என் நண்பருக்கு நேர் எதிரானவர். விடுமுறைக்கு வருவார், நிலாவெளியில் தங்குவார், விலையுயர்ந்த கமெராவோடு கரையில் நடப்பார், அழகான காளானைக் கண்டால் மண்டியிட்டுப் படம் எடுப்பார், அரியது, அபூர்வம் என்று தலைப்பிடுவார். அது எந்த மரத்தில் வளர்ந்தது, அந்த மரத்தை வெட்டப் போகிறவன் யார், அந்தக் கரையில் வாழ்பவர் அதற்கு என்ன பெயர் சொல்கிறார் என்பன அவருக்கு வேண்டியதில்லை. முன்னாளில் உலர்ந்த காளான் கப்பலேறிற்று. இந்நாளில் அதன் நிழல் பறந்து போகிறது. என் நண்பர் காளானை வெறுக்கிறார், இவர் விரும்புகிறார். ஆனால் இருவருடைய உள்ளத்திலும் இருப்பது ஒரே எண்ணந்தான்: அது ஓர் அலங்காரப் பொருள் என்ற எண்ணம்.

அது அலங்காரப் பொருள் அன்று என்பதை அந்தக் கரையே காட்டும். ஒதுங்கிய மரத்துண்டைக் கவனியுங்கள். கடல்நீருக்குள்ளேயே மரத்தை உண்டு வாழும் நுண்பங்கசுகள் உண்டு என்பதை 1944இல் பார்கோன், லிண்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் விரிவாக எடுத்துக்காட்டினர். அவற்றுட் சிலவற்றின் வித்திகள் நுண்ணிய கைகள் போன்ற உறுப்புகளோடு மிதந்து, கடல்நுரையில் சிக்கிக் கரைசேர்கின்றன. 1958இல் பெக்கர், கோல்மயர் என்ற ஜெர்மானியர் இந்தியக் கரையைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியின் பொருள் என்ன தெரியுமா? மீனவரின் கலங்களை இப்பங்கசுகள் அழுகச் செய்வது பற்றியது. வள்ளம் ஏன் காலத்துக்கு முன்பே மெத்தென்று போகிறது, பலகை ஏன் விரலுக்கு உள்வாங்குகிறது என்பது கடனுக்கு வள்ளம் வாங்கிய மீனவனின் கேள்வி. அதற்கு விடையின் ஒரு பகுதி இந்த நுரையிலே மிதக்கிறது.

களப்போரத்துக் கண்டல்களைப் பாருங்கள். சேற்றில் விழும் கண்டல் இலை கடினமானது, சத்துக் குறைந்தது. பங்கசுகளும் பற்றீரியாக்களும் அதனை உக்கச் செய்து சத்தேற்றிய பின்னரே நண்டுக்கும் இறாலுக்கும் அது நல்ல இரையாகிறது. கண்டலை வெட்டினால் இறால் குறையும் என்பதை மீனவர் அனுபவத்தால் அறிவார்; இடையிலே நின்று வேலை செய்யும் இந்தக் கண்காணாத தொழிலாளரை அவர்க்கு அறிமுகம் செய்து வைப்பவர் யார்?

தென்னந்தோட்டத்துக்கு வாருங்கள். 1952இல் வீசிய சூறாவளியின் பின்னர் தஞ்சாவூர்ப் பகுதியில் தென்னைகள் வாடி விழத் தொடங்கின. தஞ்சாவூர் வாடல் என்று அந்நோய் பெயர் பெற்றது. கனோதெர்மா என்ற பங்கசு அதற்குக் காரணம். மரத்தின் அடியில் பளபளக்கும் அரைவட்டக் காளான் தலைகாட்டும்போது வேர் ஏற்கெனவே அழுகியிருக்கும். அக்காளானைக் கண்டு, சுற்றிலும் அகழி வெட்டி நோய்மரத்தைத் தனிமைப்படுத்தத் தெரிந்த ஒரு பிள்ளை, பத்துத் தென்னையை நம்பி வாழும் குடும்பத்துக்கு அயல் மரங்களை மீட்டுத் தருவான்.

கடற்கரையில் தேடுவதால் என்ன கிடைக்கும் என்று இன்னமும் கேட்போருக்கு ஒரு செய்தி. 1945இல் இத்தாலியின் சார்டினியாத் தீவில், கல்யாரி நகரின் சுகாதாரப் பேராசிரியர் புறொட்சு, நகரத்துக் கழிவுநீர் கடலிற் கலக்கும் இடத்து நீரை எடுத்து ஆராய்ந்தார். நெருப்புக்காய்ச்சற் கிருமிகளையும் எதிர்த்து நிற்கும் ஒரு பங்கசு அதில் அகப்பட்டது. தமது கண்டுபிடிப்பை 1948இல் உள்ளூர் ஏட்டிலே வெளியிட்டார். அதனை ஒக்சுபோட் ஆய்வாளர் மேற்கொண்டு ஆராய்ந்தனர். செபலோசுப்போரின் என்ற மருந்துக் குடும்பம் பிறந்தது. இன்று நமது ஆசுப்பத்திரிகளிற் காய்ச்சலோடு கிடக்கும் குழந்தைக்கு ஏற்றப்படும் ஊசிகளுட் சில அந்தக் கழிவுநீர்க் கரையிலிருந்து வந்தவை. மருந்துக்கான காப்புரிமை ஒக்சுபோட் ஆராய்ச்சியின் வழியே பிரித்தானியாவுக்குப் போனது என்பதையும் சேர்த்து அறிந்துகொள்வோம். 1992இல் ரியோ டி ஜெனீரோவிற் செய்யப்பட்ட உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை, தன் எல்லைக்குட்பட்ட உயிர்வளத்தின்மேல் ஒரு நாட்டுக்கு இறைமை உண்டு என்கிறது. நல்லது. ஆனால் இருப்பது இன்னதென்று அறியாதவனுக்கு அந்த இறைமை காகிதத்திலே மட்டும் இருக்கும்.

சட்டத்தின் சொற்களையும் சற்றுக் கவனிக்க வேண்டும். இலங்கையில் 1937இல் இயற்றப்பட்ட பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் தன் பெயரிலேயே விலங்கையும் தாவரத்தையும் குறிக்கிறது. பங்கசோ விலங்கும் அன்று; தாவரமும் அன்று. அதனைத் தனி இராச்சியமாய் வகுக்கும் முறையை விற்றேக்கர் என்ற அமெரிக்கர் 1969இல் முன்வைத்தார். விஞ்ஞான உலகம் ஏற்றுக்கொண்டது. சிலி நாடு 2010இல் தன் சுற்றாடற் சட்டத்தில் விலங்கு, தாவரங்களோடு பங்கசையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பங்கசு இனங்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். இருக்கக்கூடியவை 22 இலட்சம் முதல் 38 இலட்சம் வரை என்று 2017இல் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். பெயரில்லாதவை பெயருள்ளவற்றைப் போற் பல மடங்கு. பெயரில்லாததை அழித்தவன்மேல் வழக்குத் தொடுக்க எந்த நீதிமன்றத்தில் முடியும்? மக்களுக்கும் இது பொருந்தும் என்பதைப் பட்டியலிற் பெயரில்லாமல் வாழ்ந்த மலையகத் தொழிலாளர் நன்கறிவர்.

இனி, நம் பக்கத்துக் குறைகளையும் மறைக்காமற் பேசுவோம். மக்களிடம் அறிவு இல்லை என்று நினைப்பது அகந்தை. மக்கள் சொல்வதெல்லாம் அறிவு என்று நினைப்பது சோம்பல். திரும்பி வரும் வழியில் ஒரு புற்றின் ஓரத்திலே காளான் பூத்திருந்த தடத்தைக் கண்டோம். "சேர், இது எங்கட உம்மம்மாக்குத் தெரியும். எந்தப் புற்றில எப்ப பூக்கும் எண்டு சொல்லுவா" என்றாள் ஒரு மாணவி. அந்த மூதாட்டியின் அறிவு உண்மையான விஞ்ஞானத்தின் தொடக்கம். கறையான்கள் மென்ற மரத்தூளால் மெத்தை கட்டி, அதிலே ஒரு பங்கசைப் பயிரிட்டு உண்கின்றன. மழைக்காலத்தில் அப்பயிரே புற்றைப் பிளந்து காளானாய் எழுகிறது. மனிதன் உழவு தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டுகள் அளவில் ஆகின்றன. கறையானின் உழவோ மூன்று கோடி ஆண்டுப் பழமையுடையது. இந்தக் காளான் இனங்களுள் ஒன்றைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடராசன் 1979இல் தமிழ்நாட்டிலிருந்து விவரித்துப் பெயரிட்டார். நம் மண்ணில் நின்றே பெயரிட நம்மவரால் முடியும் என்பதற்கு அது சான்று.

ஆனால் அதே ஊர்களில், காளானோடு வெள்ளிக்காசைப் போட்டு வேகவைத்தால் காசு கறுப்பது நஞ்சைக் காட்டும் என்று நம்புவோரும் உண்டு. அது பிழையான நம்பிக்கை. உயிரைக் கொல்லும் பிழை. வெண்குடை விரித்து நிற்கும் ஒருவகைப் புல்வெளிக் காளான், பார்வைக்கு உண்ணத்தக்கது போலிருந்து, உண்டவனைக் கடும் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆளாக்கும். அதன் குடையைக் காம்பு நீக்கி ஓர் இரவு வெள்ளைத்தாளில் கவிழ்த்து வையுங்கள். காலையில் வித்திகள் பச்சைத்தூளாய்ப் படிந்திருக்கும். காசு சொல்லாத உண்மையைத் தாள் சொல்கிறது. எனினும், தாளில் பச்சை இல்லை என்பதற்காக எந்தக் காளானையும் உண்ணலாம் என்று துணிந்துவிடக் கூடாது. ஐயமுள்ளதை விலக்குவதே முறை. மூதாட்டியின் அறிவையும் தாளின் சாட்சியத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப் பழக்குவதுதான் பள்ளிக்கூடத்தின் வேலை.

ஆசிரியத் தோழர்களே, அதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒரே வழியைத் தேர்ந்து, ஒவ்வொரு மாரியிலும் அதே வழியில் நடக்கட்டும். கண்ட காளானின் நாள், இடம், அது நின்ற மரம் அல்லது மண், குடையின் அடிப்புறம் இதழா துளையா, வித்தித்தூளின் நிறம், மணம், அளவு, ஊரார் சொல்லும் பெயர், அந்தப் பெயரைச் சொன்னவர் எந்த ஊரார் என்பனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். வரையத் தெரிந்த பிள்ளை வரையட்டும். ஒரு மாதிரியை வெயிலில் உலர்த்திக் காகித உறையில் இட்டுப் பள்ளிக்கூட அலுமாரியில் வைக்கட்டும். நுணுக்குக்காட்டி வேண்டிய இடத்துக்குத் திருகோணமலையிலேயே பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அதன் கதவைத் தட்டுவோம். ஐந்து மாரிகள் இவ்வாறு நடந்தால், என் மாணவன் கேட்ட கேள்விக்கு அவனே விடை சொல்வான்: "இதை ஐந்தாண்டில் இரண்டே இடத்திற் கண்டோம், இது இங்கே அரிது." அப்போது அச்சொல்லுக்குப் பொருள் உண்டு. அச்சொல்லை எந்த அலுவலகத்து மேசையிலும் துணிந்து வைக்கலாம்.

குறிப்பேட்டைத் தமிழில் எழுதுங்கள். இலத்தீன் பெயர் உலகத்தோடு பேசுவதற்கு வேண்டும், அதனையும் கற்போம். ஊரோடு பேசுவதற்கு ஊர்ப்பெயர் வேண்டும். குறிஞ்சாக்கேணி என்ற பெயரையே பாருங்கள். ஒரு கொடியின் பெயரும் ஒரு நீர்நிலையின் பெயரும் அதிலே ஒலிக்கின்றன. குறிஞ்சா இலையைக் கறிக்கும் மருந்துக்கும் கொண்ட மக்கள், கொடியை அறிவது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு என்று கருதியிருந்தால் இப்பெயர் நமக்கு வந்திராது.

என் நண்பருக்கு இறுதியாக ஒன்று சொல்வேன். ஒரே வழியில் ஆண்டுதோறும் நடந்து, கண்டதை நாளும் இடமும் இட்டு எழுதிவைக்கும் பிள்ளைகள் காளானை மட்டும் காண மாட்டார்கள். எந்தக் கண்டல் எப்போது வெட்டப்பட்டது, ஆற்றுமணல் எங்கே அள்ளப்பட்டது, எந்தத் துறையிற் படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆளேற்றப்பட்டது என்பனவும் அந்தக் குறிப்பேட்டிலே ஏறும். பார்க்கவும் எண்ணவும் எழுதவும் பழகிய பிள்ளையை ஏமாற்றுவது கடினம். பாலத்துக்காக மனு எழுதும் கையும் காளானை வரையும் கையும் வேறு வேறாய் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்த மாரியில் மீண்டும் நடப்போம். நண்பரும் வரட்டும்.